தாய்மொழி என்னும் கட்டம்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது நிரப்புகிற விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, சமூகம் இவற்றோடு 'தாய்மொழி' என்றும் ஒரு கட்டம் இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் கேட்காமலேயே 'தமிழ்' என்று நிரப்பியிருக்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கும் அதையேதான் எழுதினேன். வாசலில் பெற்றோர் நிற்பார்கள், சத்துணவுக் கணக்கு மேசையில் காத்திருக்கும், கை தானாக எழுதிவிடும். பலதரப்பட்ட மாணவர்களைப் பள்ளி எப்படி அரவணைப்பது என்று எழுதச் சொன்னபோது முதலில் என் கண்முன் வந்து நின்றது அந்தக் கட்டம்தான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் எங்கள் பக்கத்துச் செங்கல் சூளைகளில் வேலை தொடங்கும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். நம் பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. சூளையின் ஆண்டும் பள்ளியின் ஆண்டும் சந்தித்துக்கொள்வது நாலு மாதம்தான். அப்படி ஒரு ஜனவரியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கு ஏற்ற வகுப்பு என்று மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தோம். கேட்டதற்குப் பதில் இல்லை. கரும்பலகையில் இருப்பதை அப்படியே வரைவான், வாய் திறக்கமாட்டான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயரை எழுதினேன்.

மூன்றாவது வாரம் அவன் வரவில்லை. தேடிக்கொண்டு சூளைக்குப் போனேன். அறுத்துப்போட்ட பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் கணக்கு அங்கே உயிர்நாடி. மேஸ்திரி ஏதோ ஓர் எண்ணைச் சொல்ல, பையன் தலையை ஆட்டி மறுத்து வேறொன்றைச் சொன்னான். மேஸ்திரி மறுபடி எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொண்டார். என்ன சொன்னான் என்று கேட்டேன். வரிசைக்கு நாற்பது, மொத்தம் 27 வரிசை, ஆக 1080 என்றானாம். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. என் வகுப்பில் நான் 27 என்று எழுதிக் காட்டியபோது வாய் திறக்காமல் நின்றவன் இதே பையன். இருபத்தேழு என்ற தமிழ்ச் சொல் அவனிடம் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சொல் இல்லாததை அறிவு இல்லாததாக நான் எழுதி வைத்திருந்தேன்.

எண்ணுப்பெயர்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இதன் ஆழம் புரியும். தமிழில் முதலில் பத்துகளைச் சொல்லி அப்புறம் ஒன்றுகளைச் சொல்கிறோம்: இருபத்து மூன்று. இந்தியிலும் ஒடியாவிலும் ஒன்றின் பெயர் முன்னே வரும், பத்தின் பெயர் பின்னே ஒட்டிக்கொள்ளும். 19 என்பதற்கு அவ்விரு மொழிகளிலும் 'இருபதுக்கு ஒன்று குறை' என்ற பொருளில் பெயர். 29, 39 என்று மேலேயும் அதே வாய்ப்பாடு. நம் தமிழும் ஒன்பதில் வந்து தடுக்கத்தான் செய்கிறது. 90-ஐத் தொண்ணூறு என்று நூற்றோடு சேர்த்துச் சொல்கிறோம், 900-ஐத் தொள்ளாயிரம் என்று ஆயிரத்தோடு சேர்க்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் இடறுகிற இடத்தில் இந்தப் பையனும் இடறினால் அது அவன் குறை ஆகாது. எழுத்திலும் இப்படி உண்டு. ஒடியாவில் ப, ப்ஹ, பின்பு அவற்றின் மெலிந்த ஒலிகள் என்று தனித்தனி எழுத்துகள் நான்கு. நமக்கு 'ப' ஒன்றுதான்; இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு 'ப'வும் ஒரே மாதிரி எழுதப்பட்டு வேறு வேறாக ஒலிப்பதைக் கண்டு அந்தப் பையன் குழம்பியது, கூர்ந்து கேட்கிற காது அவனுக்கு இருந்ததற்கு அடையாளம்.

கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். விளையாட்டிலும் தெருவிலும் புழங்குகிற பேச்சுமொழி புதிய பிள்ளைக்கு இரண்டாண்டுக்குள் வசப்பட்டுவிடும். பாடநூலின் மொழி கைவர ஐந்திலிருந்து ஏழாண்டு ஆகும். நாம் முதலாவதைப் பார்த்துவிட்டு 'நன்றாகத் தமிழ் பேசுகிறானே, பாடம் மட்டும் ஏன் ஏறவில்லை' என்று கேட்கிறோம். தாய்மொழியில் ஊன்றிய அறிவு இரண்டாம் மொழிக்கும் உரமாகிறது என்பதும் அவர் கருத்து. 1080 என்று வாய்க்கணக்காகச் சொன்னவனுக்குப் பெருக்கலை நான் மறுபடி கற்பிக்கத் தேவையில்லை. தமிழ்ப் பெயர்களைத் தந்தாலே போதும்.

சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்ற 350அ பிரிவு, அரசமைப்பின் ஏழாம் திருத்தம் வழியாக 1956-இல் சேர்ந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்கட்டும் என்கிறது. ஒடிசாவே 2006-இல் 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்துப் பின்பு 21 மொழிகளுக்கு விரித்தது. 'இயன்றவரை' என்ற சொல்லுக்குள் ஓர் ஆசிரியர் எவ்வளவு தூரம் போவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொலைவில் உள்ள மொழியைவிட அருகில் உள்ள மொழிக்குத்தான் வகுப்பறையில் கூடுதல் ஆபத்து என்பது என் துணிபு. ஒடியா பேசினால் அது வேறு மொழி என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இருளர் பிள்ளை தன் வீட்டு மொழியில் பேசினால் அது 'கொச்சைத் தமிழ்' ஆகிவிடுகிறது, சிவப்பு மையால் திருத்தப்படுகிறது. அது தமிழோடு உறவுடைய, தனக்கென ஒழுங்குள்ள ஒரு மொழி. சத்தியமங்கலம் மலைச் சோளகர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம். நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி, அதற்குத் தனி எழுத்து இல்லை. அந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்கள் பிள்ளைகளோ அதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் வகுப்புகளில் உட்கார்ந்து, ஊமை என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்பு மாநிலம் முழுவதும் வந்தபோது, பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறும் கற்றல் ஏணியும் பாட அட்டைகளும் என் போன்றோருக்குக் கூடுதல் சுமையாகத் தெரிந்தன. நடுவாண்டில் வந்து சேரும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்று பின்னாளில் உணர்ந்தேன். விட்ட இடத்திலிருந்து ஏறலாம். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. நல்ல பிரிப்பு. தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம் என்பதை மட்டும் ஆசிரியர் ஒருநாளும் மறக்கக் கூடாது. ஒரு பாடத்தில் வைத்த பெயர் பிள்ளையின் மேலேயே ஒட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மொழியை மட்டும் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் போவது நேர்மை ஆகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சொன்னவற்றுள் பல, ஒரு தலைமையாசிரியர் நாளைக் காலையே செய்யக்கூடியவை: வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு வேண்டாம், அகரவரிசையில் உட்கார வையுங்கள், கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு வேண்டாம். உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் 'இந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எழுந்திரியுங்கள்' என்று வகுப்பில் உரக்கக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! எழுந்து நிற்கும் அந்தப் பிள்ளை என்ன பார்க்கிறது என்று அன்று நாம் யோசிக்கவில்லை.

இவற்றையெல்லாம் தலைமையாசிரியர் செய்யலாம் என்று எழுதும்போது நம் தொடக்கப் பள்ளிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர். அவர்களில் ஒருவர்தான் தலைமையாசிரியர். சாவிக்கொத்தும் சுண்ணக்கட்டியும் ஒரே கையில். இவரிடம் புதிதாக இன்னொரு பதிவேட்டைக் கொடுப்பதால் எந்தப் பிள்ளைக்கும் நன்மை இல்லை. இவரால் உடன் ஆசிரியருக்குத் தரமுடிந்தது நேரம். புதிய பிள்ளை வந்த முதல் வாரத்தில் தினம் அரை மணி அந்தப் பிள்ளையோடு மட்டும் உட்கார விட்டு, மற்ற வகுப்புகளைத் தான் பார்த்துக்கொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகும் தாய் வரமாட்டாள். சூளை வேலை ஓய்ந்த மாலையில் வைத்தபோது எங்கள் பள்ளிக்கு நாலு பேர் வந்தார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், அதில் ஒருவர் அந்தப் பையனின் அம்மா.

மே மாதக் கடைசியில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். போகிற நாளிலேயே மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டும் என்று பள்ளியைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். அவன் என்ன கற்றான், எங்கே நிற்கிறான் என்று தனியே ஒரு தாளும் எழுதினேன். பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் தாய்மொழிக் கட்டத்தில் 'ஒடியா' என்று இருந்தது. அதையும் நான் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். மேஸ்திரி கேட்டுச் சொன்னார். சந்தேகத்துக்கு அவரையே மூன்று முறை சொல்லச் சொன்னேன். அடித்துவிட்டு 'சம்பல்புரி' என்று எழுதித் தாளைப் பையன் பக்கம் திருப்பினேன். எழுத்தெழுத்தாக விரல் வைத்தான். 'ம்'மை அடுத்து வந்த 'ப'வை மெலிதாகவும், 'புரி'யின் 'பு'வை அழுத்தியும், ஒரே எழுத்தை இரண்டு விதமாக, சரியாகப் படித்தான்.