ஃபிட்டர் சான்றிதழ் பிறந்த கதை

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் காபிச் செடிக்குக் கவாத்து வெட்டத் தெரிந்தவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அவர் வெட்டிய தோட்டம் எப்படிக் காய்த்தது என்பது ஊருக்கே தெரியும். கூலி பேச அது போதும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தத் தொழில் அப்படித்தான் கைமாறி வருகிறது. மூத்தவர் செய்வார், இளையவர் கூடவே நின்று பழகுவார்.

அதே ஊர்ப் பையன் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்திலோ ஓசூரிலோ ஃபிட்டர் வேலைக்குப் போய் நின்றால் முதல் கேள்வியே, "ஐ.டி.ஐ. முடிச்சிருக்கியா தம்பி?" என்பதுதான். அங்கே அவன் கைத்திறனைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் அவனுக்காகப் பேசுவது ஒரு தாள். அந்தத் தாள் பிறக்க ஒரு ரஷ்யப் பள்ளிக்கூடமும் ஓர் உலகப் போரும் வேண்டியிருந்தன.

பட்டறையில் தொழில் பழகிய பையனுக்கு முற்காலத்தில் பாடத்திட்டம் கிடையாது. ஆசாரிக்கு அன்றைக்கு என்ன வேலை வந்ததோ அதுதான் பாடம். மூன்று வருஷம் துருத்தி ஊதிவிட்டு, சுத்தியலைத் தொடாமலே வீடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். இதை மாற்றியவர் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸ். 1868-இல் அவர் தொழிலைப் பிரித்துப் பார்த்தார். தச்சு, கடைசல், இரும்புக் கொல்லு, ஃபிட்டிங் ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சிக்கூடம். ஒவ்வொன்றிலும் எளியதில் தொடங்கிக் கடினத்துக்கு ஏறும் பயிற்சிகள். எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரிக் கருவி, ஒரே வரைபடம். அந்தக் கூடங்களில் விற்பதற்காக எதையும் செய்யாமல், கற்பதற்காகவே செய்தார்கள். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தப் பயிற்சித் துண்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பார்த்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. தலைவர் ஜான் ரங்கிள் அந்த முறையைத் தம் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். ஒரே பயிற்றுநர் ஒரே நேரத்தில் பலருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கலாம், எல்லாருக்கும் ஒரே அளவில் மதிப்பெண் போடலாம் என்பது அதற்குப் பிறகு உலகெங்கும் பரவியது.

இன்றைக்கு எந்த ஐ.டி.ஐ.யின் (தொழிற்பயிற்சி நிலையத்தின்) ஃபிட்டர் பிரிவுக்குள் நுழைந்தாலும் அந்த முறையைப் பார்க்கலாம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வைஸ், அதில் கவ்விய மென் எஃகுத் துண்டு. முதல் வாரங்களில் பையனுக்கு வேலை அரத்தால் ராவுவதுதான். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். கை கொஞ்சம் ஆடினாலும் பரப்பு நடுவில் மேடாகிவிடும். செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கு வழியே ஒளி கசியும். கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். இப்படித் தொடங்கியவன் பிறகு ஒரு துண்டை இன்னொன்றில் பொருத்தும்போது 0.04 மில்லிமீட்டருக்குள் நிற்கக் கற்கிறான்.

இந்தியாவுக்கு இந்தப் பயிற்சி முறை பெரிய அளவில் வந்தது போரோடுதான். இரண்டாம் உலகப் போருக்கு வெடிமருந்தும் வண்டியும் செய்யக் கைகள் போதவில்லை. 1940-இல் அரசு தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரிலான திட்டத்தில் 1941 முதல் இந்திய இளைஞர்கள் இங்கிலாந்துக்கே பயிற்சிக்குப் போனார்கள். போர் முடிந்தபோது சிக்கல் திரும்பி நின்றது. சுமார் 25 லட்சமாகப் பெருத்திருந்த படையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு என்ன வேலை? இதற்காகவே 1945 ஜூலையில் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புக்கென ஒரு தலைமை இயக்ககம் பிறந்தது. பிரிவினைக்குப் பிறகு அகதிகளும் அதன் பொறுப்பில் சேர்ந்தார்கள்.

இந்தப் பயிற்சி ஏற்பாட்டைச் சாதாரண இளைஞனுக்கும் திறந்துவிட்டது 1950-இல் வந்த கைவினைஞர் பயிற்சித் திட்டம். நாடு முழுக்கச் சுமார் 50 நிலையங்களோடு தொடங்கியது, இன்று ஐ.டி.ஐ.கள் 14,000-க்கும் மேல். 1956-இல் நிர்வாகம் மாநிலங்களிடம் போனது. பாடத்தையும் தேர்வையும் ஒரே அளவில் வைக்க அதே ஆண்டு தேசிய அளவில் ஒரு கவுன்சில் அமைந்தது. அதன் பெயரில் தரப்பட்டு வந்ததுதான் தேசியத் தொழிற்சான்றிதழ். 1961-இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம், ஆலைகளும் பழகுநர்களை உதவித்தொகை தந்து எடுத்தே ஆக வேண்டும் என்றது. ஆக இரண்டு தாள்: பயிற்சி நிலையத்தில் கற்றதற்கு ஒன்று, ஆலையில் பழகியதற்கு ஒன்று.

இத்தனையிலும் நாகலூர்க் கவாத்துக்காரருக்கு இடம் இல்லை. அவர் வகுப்பிலும் உட்காரவில்லை, ஆலைக்கும் போகவில்லை. 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி சேர்ந்தது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சோதிப்பது எப்படி என்பதில்தான் சிக்கல். ஃபிட்டர் ராவியது சரியா என்று டிரை ஸ்கொயர் அந்த நிமிஷமே சொல்லிவிடும். அராபிகா காபி, முந்தின வருஷம் விட்ட கிளையில்தான் காய்க்கும். இன்றைக்கு வெட்டிய வெட்டு சரியா என்பதைச் செடி சொல்ல அடுத்தடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டும். அரை நாள் தேர்வில் அது எப்படித் தெரியும்? பட்டறைக்காகப் பிறந்த சான்றிதழ் மலைக்கு ஏற வேண்டுமானால், தேர்வாளர், கவாத்துக்காரர் கத்தி பிடிக்கும் விதத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது. கவாத்துக்காரர் இதுவரை வெட்டிய தோட்டங்களுக்குள் நடந்துபோய், அந்தத் தோட்டக்காரர்களையும் கேட்டுத்தான் போட வேண்டும்.