சோர்ன் வண்ணத்தட்டு

சுவீடன் ஓவியர் ஆண்டர்சு சோர்ன் (1860–1920) பெயரால் அறியப்படும் நான்கு நிறத் தொகுதி. மஞ்சள் காவி, சாதிலிங்கச் சிவப்பு, தந்தக் கருப்பு, ஈய வெள்ளை ஆகியவை இதில் அடங்கும். 1896இல் அவர் மாடலுடன் தீட்டிய தன்னுருவப்படத்தில், கையிலுள்ள தட்டில் இந்நிறங்களைக் காணலாம்.

இத்தொகுதியில் நீலம் இல்லை. நீலத்தின் வேலையைக் கருப்பே செய்கிறது. தந்தக் கருப்பு இயல்பிலேயே சற்றுக் குளிர்ந்தது. வெள்ளை சேர்த்தால் சாம்பலாகும். காவி, சிவப்பு ஆகிய சூடான நிறங்களின் அருகில் அச்சாம்பல் நீலமாகவே கண்ணுக்குப் படும். கருப்பும் காவியும் கலந்தால் மங்கிய பச்சை கிடைக்கும். தோலின் ஒளிபடும் பகுதிக்கு வெள்ளை, காவி, சிறிது சிவப்பு. நிழலுக்கு அதே சிவப்பும் காவியும் கருப்புடன். ஒளியும் நிழலும் ஒரே நிறங்களிலிருந்து பிறப்பதால் படம் தானாகவே இசைந்து நிற்கிறது. உருவப்பட மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது.

நான்கு நிற மரபு பழையது. கிரேக்க ஓவியர் அப்பெல்லசு நான்கு நிறங்களால் மட்டுமே தீட்டியதாக உரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார்.

தெளிந்த வானம், ஊதா, பளிச்சென்ற பச்சை ஆகியவை சோர்ன் வண்ணத்தட்டுக்கு எட்டாதவை. சோர்னும் இதற்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை; தேவையானபோது வேறு நிறங்களையும் எடுத்தார். சாதிலிங்கத்தில் பாதரசமும் ஈய வெள்ளையில் ஈயமும் இருப்பதால், இன்று பலர் காட்மியம் சிவப்பையும் டைட்டானியம் வெள்ளையையும் பயன்படுத்துகின்றனர்.