கண்ணில்லாத ஏழாண்டுகள்

2005ஆம் ஆண்டு மே மாதம் 3சி 454.3 என்னும் குவேசார், கண்ணுறு ஒளியில் அதுவரை காணாத அளவுக்குப் பொலிந்தது. புவியிலிருந்த தொலைநோக்கிகள் அதைப் பதிவு செய்தன. எக்ஸ் கதிர்த் துணைக்கோள்களும் பார்த்தன. ஆனால் அதன் ஆற்றலில் பெரும்பங்கைச் சுமந்து வந்திருக்கக்கூடிய உயர் ஆற்றல் காமாக் கதிர்களைப் பார்க்க, விண்வெளியில் அன்று ஒரு கருவியும் இல்லை. இல்லாமற் போனது தற்செயலன்று.

குவேசார்கள் நெடுந்தொலைவுப் பொருள்கள் என்பதை 1963இல் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273இன் நிறமாலையிலிருந்து கண்டறிந்தார். 1970களில் ஐரோப்பியத் துணைக்கோளான காஸ்-பி அதே குவேசாரிடமிருந்து காமாக் கதிர்களைப் பெற்றது. காமாக் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும். எந்த ஆடியாலும் அதைக் குவிக்க இயலாது. உலோகத் தகட்டில் மோதி அது எலெக்ட்ரானாகவும் பாசிட்ரானாகவும் பிரிய, அவ்விரண்டின் தடத்தைக் கொண்டுதான் வந்த திசையை ஊகிக்க வேண்டும். அடிச்சுவட்டைக் கொண்டு விலங்கை அறியும் வேடன் தொழில்தான் இதுவும்.

1991 ஏப்ரலில் அட்லாண்டிஸ் ஓடம் காம்ப்டன் ஆய்வகத்தை வானேற்றியது. சூன் மாதம் அதன் எக்ரெட் கருவி, பழகிய 3சி 273ஐத் தேடிக் கன்னி ராசியை நோக்கித் திரும்பியது. ஒளிர்ந்ததோ பக்கத்திலிருந்த 3சி 279. சித்திரை நட்சத்திரத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள அது, காமாக் கதிரில் பேரொளியாய் நின்றது. அந்த ஒளி ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் ஞாயிறு பிறவாத காலத்தில் புறப்பட்டது. நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் தாரை நம்மை நேரே நோக்கியிருந்தால்தான் இத்தகைய பொலிவு கைகூடும். இவ்வினத்துக்கு பிளேசார் என்ற பெயர் 1978இலேயே சூட்டப்பட்டிருந்தது. எக்ரெட் 60க்கும் மேற்பட்டவற்றைக் கண்டது.

1999 டிசம்பரில் காம்ப்டனின் மூன்று சுழல்காட்டிகளில் ஒன்று பழுதானது. இன்னொன்றும் பழுதுபட்டால் 17 டன் எடையுள்ள கலம் கட்டுப்பாடின்றி மக்கள் மீது விழக்கூடும் என்று நாசா அஞ்சியது. அறிவியலாளர் பலர் மறுத்து வாதாடினர். கருவிகள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. எக்ரெட்டின் நியான் வாயு ஏறக்குறையத் தீர்ந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000 சூன் 4ஆம் நாள் கலம் பசிபிக் கடலில் வீழ்த்தப்பட்டது. உயிரச்சம் சார்ந்த முடிவைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் வாரிசு ஆயத்தமாகாமலே முதியவரை அனுப்பிவைத்ததை மறக்கவும் முடியவில்லை. சுவடி ஒன்று அழிந்தால் வேறொரு படி எங்கேனும் கிடைக்கலாம். கடந்துபோன ஒளிக்கு மறுபடி இல்லை.

அந்த இடைவெளி நம் அண்டையில் முடிந்தது என்பது பலர் அறியாத செய்தி. 2007 ஏப்ரல் 23 அன்று, பழவேற்காடு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி8 இத்தாலியின் அகிலே துணைக்கோளைச் சுமந்து சென்றது. 352 கிலோ எடையுள்ள சிறு கலம் அது. அவ்வாண்டே 3சி 454.3இன் கொந்தளிப்பைக் கண்டது. அக்குழுவினர் அதற்குப் 'பித்துப்பிடித்த வைரம்' என்று செல்லப்பெயரும் இட்டனர். 2008 சூனில் ஃபெர்மி வந்தது. மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை முழு வானையும் துழாவியதால் எங்கே நோக்குவது என்ற கவலை ஒழிந்தது. 2010 நவம்பரில் 3சி 454.3, காமா வானின் நிலையான பெருவிளக்கான வேலா துடிவிண்மீனையும் பல மடங்கு விஞ்சியது.

2015 சூனில் 3சி 279 மீண்டும் வெடித்தபோது, அதன் பொலிவு ஐந்து நிமிடத்துக்குள் இரட்டித்ததை ஃபெர்மி பதிந்தது. ஐந்து நிமிடத்தில் ஒளி கடப்பது 9 கோடி கிலோமீட்டர். அங்குள்ள கருந்துளையோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. தாரையின் வேகத்தால் காலம் சுருங்கித் தோன்றுவதைக் கணக்கில் கொண்டாலும், அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு ஆற்றல் எவ்வாறு திரண்டது என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை.