இரவல் விதிகளில் நிற்கும் சட்டம்: லேசி சட்டத்தின் வளர்ச்சி, 1900–2012

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மாநிலங்களில் வேட்டைத் தடைகள் இல்லாமல் இல்லை. அவை மாநில எல்லையோடு நின்றுவிட்டன என்பதே சிக்கல். திருட்டுத்தனமாகச் சுட்ட பறவைகளைப் பீப்பாயில் அடைத்து ரயிலேற்றிவிட்டால், அடுத்த மாநிலச் சந்தையில் அவை சாதாரணச் சரக்கு. வன உயிர்கள் மாநிலங்களின் பொறுப்பில் உள்ளவை என 1896இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டதால், கூட்டாட்சி அரசு நேரடியாக வேட்டையில் தலையிடத் தயங்கியது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டது.

அயோவாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லேசி கண்டுபிடித்த வழி இதுதான். 1900 மே 25 அன்று அதிபர் மெக்கின்லி கையெழுத்திட்ட சட்டம், எந்த விலங்கைக் கொல்லக்கூடாது என்று பட்டியலிடவில்லை. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்றதை வேறு மாநிலத்துக்கு அனுப்புவதைக் குற்றமாக்கியது. பொட்டலத்தின் மேல் அனுப்புநர் பெயர், முகவரி, உள்ளிருக்கும் பொருள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதவும் கட்டளையிட்டது. பெருமளவில் வேட்டையாடப்பட்ட பயணிப் புறாவுக்கு இது காலம் கடந்த உதவி. அந்த இனத்தின் கடைசிப் புறா 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது.

1926இல் பிளாக் பாஸ் மீனுக்கும் இதே பாணியில் தனிச் சட்டம் வந்தது. 1935இல் வெளிநாட்டுச் சட்ட மீறல்களும் லேசி சட்டத்துக்குள் வந்தன. 1981இல் மீன் சட்டம் இதனுடன் இணைக்கப்பட்டு, உள்நாட்டுத் தாவரங்கள் சில சேர்க்கப்பட்டன, தண்டனையும் கடுமையானது. இவற்றில் தொலைநோக்கு விளைவு கொண்டது 1935இன் மாற்றமே என்பேன். அதன்பின் அமெரிக்க நீதிமன்றம் பிற நாட்டு அரசாணைகளையும் படித்துப் பொருள் காண வேண்டியதாயிற்று.

இதன் இடர் ஹோண்டுராஸ் சிங்கி இறால் வழக்கில் வெளிப்பட்டது. 1999இல் அலபாமாவுக்கு வந்த சரக்கில் ஹோண்டுராஸ் விதித்த அளவைவிடச் சிறிய இறால்களும் சினை இறால்களும் இருந்தன. அட்டைப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பைகளில் அடைத்ததும் ஹோண்டுராஸ் விதிமீறல் எனப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூவருக்குத் தலா 97 மாதச் சிறை. பிறகு ஹோண்டுராஸே அந்த அளவு விதி செல்லாது என்றது. ஆயினும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் தண்டனையை உறுதிசெய்தது. தன் விதி செல்லாது என்று சொன்ன நாட்டின் பேச்சைவிடப் பழைய விளக்கத்துக்கு எடை கூடியது விந்தைதான்.

2008 திருத்தம் மரங்களுக்கும் மரப்பொருள்களுக்கும் சட்டத்தை விரித்தது. இறக்குமதியாளர் மரத்தின் அறிவியல் பெயர், வெட்டிய நாடு, அளவு, மதிப்பு ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். கிப்சன் கிதார் நிறுவனத்தில் 2009இல் மடகாஸ்கர் கருங்காலியும், 2011இல் இந்தியக் கருங்காலி, ஈட்டி மரங்களும் கைப்பற்றப்பட்டன. அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்திருந்தது. கிதாரின் விரல்பலகைக்கான துண்டு அறுத்த மரமா, இசைக்கருவியின் பாகமா என்பதே தகராறு. 2012 உடன்பாட்டில் மடகாஸ்கர் மரத்துக்காக நிறுவனம் 3,00,000 டாலர் அபராதம் செலுத்தியது. இந்திய மரத்தைப் பொறுத்தவரை, இந்தியா தன் விதியைத் தெளிவுபடுத்தும்வரை நடவடிக்கை இல்லை என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது.