சொடுக்கப்படுவது இடமா, பொருளா? ஆயத்தொலைவுவழித் தானியக்கம் குறித்து

இணையப் பக்கத்தில் ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பி அனுப்ப வேண்டியவர் முதலில் நாடும் தானியக்க முறை மிக எளியது. பொத்தான் திரையின் இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல், மேல் ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொள்கிறார். அந்தப் புள்ளிக்குச் சுட்டியை நகர்த்திச் சொடுக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதுகிறார். ஆட்டோஹாட்கீயிலும் பைத்தானின் பைஆட்டோஜியூஐ நூலகத்திலும் இதற்கு ஒரு வரி போதும். மென்பொருள் சோதனையாளர்கள் இதைக் கெட்ட பழக்கம் என்று ஒதுக்குவது வழக்கம். எளிதில் முறிந்துபோகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அது உண்மையும்கூட. ஆனால் அது முறியும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் பழி ஸ்கிரிப்ட் எழுதியவரோடு நின்றுவிடுவதில்லை. ஆயத்தொலைவு ஒவ்வொரு சொடுக்கின்போதும் கணக்கிட்டுப் பெற வேண்டிய விடை. அதை நிலையான முகவரியாகச் சேமித்துவைப்பதே தவறு. அப்படிச் சேமிக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவது பெரும்பாலும் தன் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாத பக்கம்தான். இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

சொடுக்கு இயங்கும் முறையிலிருந்து தொடங்கலாம். இயங்குதளம் சொடுக்கை ஒரு புள்ளியில் நிகழ்ந்த செய்தியாக உலாவியிடம் தருகிறது. அந்தக் கணத்தில் அப்புள்ளியில் மேலாக இருக்கும் உறுப்பு எது என்று உலாவி தேடிப் பிடித்து, நிகழ்வை அதனிடம் சேர்க்கிறது. புள்ளிக்கும் பொத்தானுக்கும் உள்ள உறவு அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே உறுதியானது. பக்கத்தின் அளவுமுறையில் (400, 300) என்ற இடத்தில் ஒரு பொத்தான் இருப்பதாகக் கொள்வோம். விண்டோஸில் திரை அளவீடு 125 விழுக்காடானால் அது (500, 375) ஆகிறது. 150 விழுக்காடானால் (600, 450). இதோடு உலாவியின் தாவல் வரிசை, முகவரிப் பட்டை ஆகியவற்றின் உயரத்தையும் சாளரம் நிற்கும் இடத்தையும் கூட்ட வேண்டும். பக்கம் உருட்டப்பட்ட அளவைக் கழிக்க வேண்டும். விண்டோஸின் சென்ட்இன்புட் செயற்கூறை முழுநிலை ஆயத்தொலைவில் அழைத்தால், திரையின் அகலமும் உயரமும் தனித்தனியே 0 முதல் 65535 வரையிலான அளவுகோலுக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். இத்தனை மாற்றங்களும் கழிந்து கிடைத்த எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த மாதமும் அது அதே பொருளைச் சுட்டும் என்று நம்ப இடமில்லை.

தமிழ்ப் பக்கங்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பக்கம் எழுத்துருவைத் தானே வழங்காதபோது உலாவி கணினியில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 7 கணினியில் அது லதாவாக இருக்கும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ. இரண்டின் எழுத்தகலமும் வரி உயரமும் ஒன்றல்ல. ஒரு பத்தி ஐந்து வரியில் முடியாமல் ஆறாவது வரிக்கு நீண்டாலே போதும், கீழே உள்ள பொத்தான் ஒரு வரி இறங்கிவிடும். பழைய புள்ளியில் விழும் சொடுக்கு வெற்றிடத்தையோ, அதைவிடக் கேடாக, வேறொரு பொத்தானையோ தொடும். அப்போது ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாது. என்னைக் கவலைகொள்ளச் செய்வது இந்த மௌனம்தான். பெயரால் தேடும் ஸ்கிரிப்ட் பொத்தான் கிடைக்காவிட்டால் நின்றுவிடும். ஆயத்தொலைவால் சொடுக்கும் ஸ்கிரிப்ட் தவறான இடத்தில் சொடுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆயினும் இம்முறையைத் தேடிப் போக நியாயமான காரணமும் உண்டு. பக்கத்தினுள் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக எழுப்பப்படும் சொடுக்கை உலாவி அடையாளம் கண்டுகொள்கிறது: நிகழ்வின் ‘இஸ்டிரஸ்டட்’ பண்பு பொய் என்று நிற்கும். முழுத்திரைக்கு மாறுவது போன்ற சில செயல்களை அத்தகைய சொடுக்கை மட்டும் நம்பி உலாவி அனுமதிக்காது. இயங்குதளத்தின் வழியாக வரும் சொடுக்கோ மனிதக் கையின் சொடுக்காகவே ஏற்கப்படுகிறது.

உறுப்பைப் பெயரால் கண்டறிவது, சொடுக்கு உண்மையானதாக ஏற்கப்படுவது என்ற இரு தேவைகளையும் இணைத்த வழி ஏற்கெனவே இருக்கிறது. 2004இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் என்ற உலாவித் தானியக்கக் கருவியின் மரபிலிருந்து வளர்ந்த வெப்டிரைவர், 2018 ஜூனில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரைத் தரமாயிற்று. அதன் சொடுக்குக் கட்டளை முதலில் உறுப்பைப் பெறுகிறது. அதைப் பார்வைக்குள் உருட்டிக் கொண்டுவருகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதியின் மையப் புள்ளியைக் கணக்கிடுகிறது. அப்புள்ளியை வேறொன்று மறைத்திருந்தால் சொடுக்காமல் பிழை தருகிறது. ஆயத்தொலைவு இங்கும் உண்டு. ஆனால் அது கடைசிப் படியில் பிறந்து, பயன்பட்டு, அங்கேயே கைவிடப்படுகிறது.

இடத்துக்கும் பொருளுக்கும் இடையிலான இந்தப் பிளவு இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. 2008இல் ஜெரமையா கிராஸ்மனும் ராபர்ட் ஹேன்சனும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ‘கிளிக்ஜாக்கிங்’ தாக்குதல் இதையே பயன்படுத்தியது: கண்ணுக்குத் தெரியாத சட்டகம் ஒன்றை மேலே விரித்து, பயனர் காணும் பொத்தானின் இடத்தில் வேறொரு பொத்தானை வைப்பது. மனிதர் பொருளைக் குறிவைக்கிறார். கணினிக்குப் போய்ச் சேர்வது இடம்.

அண்மைக்காலச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என் வாதத்தை மறுப்பதுபோலத் தோன்றலாம். 2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட கணினி இயக்க வசதி திரைப்பிடிப்பைப் பார்த்துப் பிக்சல் ஆயத்தொலைவையே விடையாகத் தருகிறது. ஆனால் அது எண்ணைச் சேமிப்பதில்லை. புதிய படத்திலிருந்து புதிதாகக் கணக்கிடுகிறது. அவ்வளவில் அது வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. படம் எடுத்த கணத்துக்கும் சொடுக்கும் கணத்துக்கும் இடையே விளம்பரம் ஒன்று நுழைந்து பக்கத்தைக் கீழே தள்ளிவிடும் ஆபத்து அங்கும் தீரவில்லை.

உண்மையில் ஆயத்தொலைவைத் தவிர வேறு வழியே விடாத இடம், பக்கத்தினுள் படம் வரைவதற்கான கேன்வாஸ் உறுப்பு. அதில் வரையப்பட்ட பொத்தான் உலாவியின் கணக்கில் வெறும் வண்ணப் புள்ளிகள்தான்; தேடிப் பிடிக்க உறுப்பு இல்லை. ஸ்கிரிப்ட் எழுதுபவர் பிக்சல்களை எண்ணத் தொடங்குவதும் இங்கேதான், திரைவாசிப்பான் ஊமையாவதும் இங்கேதான். பார்வையற்ற பயனருக்கு “இடமிருந்து அறுநூறாவது பிக்சல்” என்ற மாற்றுவழிகூடக் கிடையாது. எனவே ஆயத்தொலைவால் மட்டுமே இயக்க முடிகிற பக்கத்தை, அணுகல் குறைபாடுள்ள பக்கம் என்றே மதிப்பிட வேண்டும். இதற்கான மருந்து எச்டிஎம்எல் தரத்திலேயே இருக்கிறது. கேன்வாஸ் குறிச்சொற்களுக்கு இடையே உண்மையான பொத்தான்களை வைத்து, அவற்றின் செயலை வரைபடத்தோடு இணைக்கலாம். கண்ணுக்கு அவை தெரியாது. ஆனால் விசைப்பலகையும் திரைவாசிப்பானும் அவற்றை எட்டும், ஸ்கிரிப்டும் அவற்றைப் பெயரால் கண்டுபிடித்து இயக்கலாம்.