ரொய்ட் என்றால் திருத்திய நிலம்

பவேரியாவின் வடகிழக்கு மூலையில், ஹோஃப் நகருக்கு வடக்கே, மோட்லாரொய்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ 50 பேர் வாழும் ஊர். வயல்கள், தொழுவங்கள், நடுவே ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய டான்பாக் என்னும் ஓடை. ஓடையின் ஒரு கரை பவேரியா, மறு கரை துரிங்கியா. நாற்பது ஆண்டுகள் ஒரு கரை மேற்கு ஜெர்மனியாகவும் மறு கரை கிழக்கு ஜெர்மனியாகவும் இருந்தன. இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிளவிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் பெயரிலிருந்து தொடங்குகிறேன். பிளவுக்குப் பல நூற்றாண்டு மூத்த பெயர் அது. ஊரை உண்டாக்கியவர்கள் செய்த வேலை அதற்குள் இருக்கிறது.

பெயரின் பின்பாதி 'ரொய்ட்'. இடைக்கால ஜெர்மனில் 'ரியூட்டன்' என்ற வினையிலிருந்து வந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையை வேரோடு தோண்டியெடுத்து, காட்டு மண்ணை உழவு மண்ணாக்குவது ரியூட்டன். காட்டை நிலமாக்குவதற்கு அந்த மொழியில் ஒரே சொல் இருக்கவில்லை. வெட்டிச் சாய்த்த இடம் 'ஷ்லாக்'. தீயிட்ட இடம் 'பிராண்ட்'. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்து, நின்றபடியே காய்ந்து சாகவிட்ட இடம் 'ஷ்வாண்ட்'. மறையச் செய்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல். இவை எல்லாமே இன்றும் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரொய்ட் இவற்றுள் முதுகை முறிக்கும் வேலை. வெட்டுவதும் எரிப்பதும் சில நாளில் முடியும். வேரைப் பிடுங்கி ஏர் ஓடும்படி செய்வது தலைமுறைக் கணக்கு. இப்படிப்பட்ட பெயர்களின் முன்பாதி பெரும்பாலும் அந்தப் பாடு பட்டவரின், அல்லது படவைத்தவரின் பெயராக இருக்கும்.

நிலப்பரப்பு மாற மாற இந்தச் சொல்லின் உயிரெழுத்து மாறிக்கொண்டே போகிறது. வடக்கே ஹார்ஸ் மலைப்பக்கம் 'ரோடெ': வெர்னிகெரோடெ, கெர்ன்ரோடெ. ரைன் கரையில் 'ராட்': பென்ராட், எர்க்ராட். நெதர்லாந்துக்குள் கால் வைத்ததும் கெர்க்ராடெ, அதாவது தேவாலயத்துக்காகத் திருத்திய நிலம். சுவிட்சர்லாந்தில் 'ரூட்டி'. அந்நாட்டின் தோற்றக் கதையில் மூன்று நாட்டார் கூடி உறுதிமொழி எடுத்ததாகச் சொல்லப்படும் ரூட்லி புல்வெளியும் 'சிறு திருத்து'தான். கடல் கடந்து யார்க்‌ஷரில் ஹோல்ராய்ட் என்ற குடும்பப் பெயரின் வாலிலும் இதன் உறவுச் சொல் இருக்கிறது. இவற்றுள் உலகறிந்த பெயர் பைரொய்ட். வாக்னரின் இசை நாடக அரங்கால் புகழ்பெற்ற அந்த நகரம் 1194-இல் முதன்முதலாக ஏட்டில் வருகிறது. 'பவேரியர் திருத்திய நிலம்' என்பது பெயரின் பொருள்.

11-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மானியக் குடியானவர்கள் கிழக்கே கிழக்கே நகர்ந்தார்கள். அவர்கள் வந்தபோது இந்தப் பகுதி ஆளற்றுக் கிடக்கவில்லை. ஆற்றோரச் சமவெளிகளில் ஸ்லாவிய மொழி பேசியவர்கள் முன்பே உழுதுகொண்டிருந்தார்கள். மோட்லாரொய்ட்டைச் சுற்றியுள்ள வரைபடத்தை எடுத்தால் கோடிட்ஸ், செல்பிட்ஸ், ஃபைலிட்ஷ் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த 'இட்ஸ்', 'இட்ஷ்' முடிவுகள் ஸ்லாவியக் குரல். தாழ்ந்த நிலம் அவர்களுக்கு. பின்னால் வந்தவர்களுக்கு மிஞ்சியது மேட்டுக் காடு. வரைபடத்தில் ஓர் ஊர் 'இட்ஸ்' என முடிகிறதா 'ரொய்ட்' என முடிகிறதா என்று பார்த்தாலே யார் முந்தி வந்தார்கள், யார் பிந்தி வந்து காட்டோடு மல்லுக்கட்டினார்கள் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஓடையின் பெயரும் அந்தக் காட்டைச் சொல்கிறது: 'டானெ' என்றால் ஃபர் மரம், 'பாக்' என்றால் ஓடை.

எல்லை என்ற கருத்துக்கே இங்கே ஒரு சொல் வரலாறு உண்டு. ஜெர்மனில் எல்லைக்குப் பழைய சொல் 'மார்க்'. வடக்கத்திய நார்ஸ் மொழியில் இதே சொல் காட்டைக் குறித்தது. இரண்டு குடிகளுக்கு நடுவே கிடந்த அடர்காடே எல்லையாக இருந்த காலத்தின் சொல் அது. காடு திருத்தத் திருத்த அந்த எல்லை மெலிந்தது. 13-ஆம் நூற்றாண்டில் கிழக்கு முனையில், ஸ்லாவியரிடமிருந்து ஜெர்மானியர் 'கிரானிட்சா' என்ற சொல்லை வாங்கிக்கொண்டார்கள். அது 'கிரென்ட்ஸெ' ஆயிற்று. மார்ட்டின் லூதரின் எழுத்து வழியே நாடெங்கும் பரவியது. இன்று ஜெர்மானியர் எல்லைக்குச் சொல்லும் சொல்லே எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்தது.

டான்பாக் ஓடை எல்லையானது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு கரை பைரொய்ட் சிற்றரசின் வசம், மறு கரை ரொய்ஸ் குடும்பத்தின் வசம். ரொய்ட், ரொய்ஸ் என்ற இரண்டும் காதுக்கு உடன்பிறப்புகள்போல் கேட்கும். உண்மையில் இரத்த உறவு கிடையாது. ரொய்ஸ் குடும்பத்தார் பேரரசரின் சார்பில் இந்தப் பகுதியை நிர்வகித்த 'ஃபோக்ட்'களின் வழித்தோன்றல்கள். லத்தீன் 'அட்வொகாட்டுஸ்' சுருங்கி ஃபோக்ட் ஆனது. அவர்கள் ஆண்ட நாடு ஃபோக்ட்லாண்ட். அக்குடும்பத்தில் பிறந்த ஆண்கள் அனைவருக்கும் ஹைன்ரிஷ் என்ற ஒரே பெயர். எண்ணை வைத்துத்தான் அடையாளம். அந்த ஹைன்ரிஷ்களில் ஒருவருக்கு ருத்தேனிய அரச வம்சத்தோடு இருந்த மண உறவால் 'ரொய்ஸெ', அதாவது ரஷ்யர், என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் அதுவே குலப்பெயராயிற்று.

பைரொய்ட் நாடு முதலில் பிரஷ்யாவிடமும் பிறகு நெப்போலியனிடமும் போய், 1810-இல் பவேரியாவுக்குக் கைமாறியது. 'பவேரியர் திருத்திய நிலம்' என்று பெயர் பெற்ற ஊர் பவேரிய அரசின் கீழ் வர 600 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த 1810-இல்தான் டான்பாக் ஓரமாக எல்லைக்கற்கள் நடப்பட்டன. பவேரிய முடியரசுக்குக் கே. பி., ரொய்ஸ் சிற்றரசுக்கு எஃப். ஆர். என்று எழுத்துப் பொறித்தார்கள். கல் நட்டதால் ஊர் பிரிந்துவிடவில்லை. பள்ளிக்கூடமும் சத்திரமும் துரிங்கியா பக்கம் இருந்தன. தேவாலயத்துக்கு எல்லாரும் பவேரியாவிலுள்ள டோப்பனுக்குப் போனார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடையைத் தாண்டித்தான். வரி கட்டும் இடம் வேறு, வாழ்கிற இடம் ஒன்று.

1945 ஜூலையில் அமெரிக்கப் படை துரிங்கியாவை விட்டு விலக, சோவியத் படை உள்ளே வந்தது. 'ரஷ்யர்' என்ற பழைய பட்டப்பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய கல்லுக்கு அப்பால் ரஷ்யர்களே வந்து நின்றார்கள். 1949-இல் ஓடை இரு நாடுகளின் எல்லையாயிற்று. 1952 மே மாத இறுதியில் கிழக்கு ஜெர்மனி தன் எல்லை நெடுக 5 கிலோமீட்டர் தடைப் பகுதியும், அதற்குள் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டையும், எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு உழுது பரம்படித்த வெற்று நிலமும் வகுத்தது. அந்த 10 மீட்டரில் எதையும் விதைக்கவில்லை. காலடித் தடம் தெரிய வேண்டும் என்பதற்காகவே உழுதார்கள். ஏர் ஓடுவதற்காக வேரைத் தோண்டியவர்களின் ஊரில், மனிதர் ஓடுவதைப் பிடிக்க உழுதார்கள் என்பதை எளிதில் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அதே கோடையில் நம்பகமற்றவர்கள் என்று அரசு கருதிய குடும்பங்களை எல்லையோர ஊர்களிலிருந்து பெயர்த்தெடுத்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லை முழுவதிலும் 8000-க்கும் மேற்பட்டோர். துரிங்கியாவில் அந்த நடவடிக்கைக்கு இட்ட மறைபெயர் 'உன்கெட்ஸீஃபர்'. பூச்சி, எலி முதலான, ஒழித்துக்கட்ட வேண்டிய உயிர்கள் என்று பொருள். இதன் அடியில் 'ட்ஸெபர்' என்ற பழஞ்சொல் இருக்கிறது: தெய்வத்துக்குப் பலியிடத் தக்க விலங்கு. அதற்கு 'உன்' என்ற எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து, பலிக்குக்கூடத் தகாதது என்ற பொருள் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கிடந்தவர்களுக்கு அலுவலகத் தாளில் எழுதிய பெயர் அது. ரியூட்டன் குடும்பத்திலும் இப்படி ஒரு கறைபடிந்த சொல் உண்டு. 'ஔஸ்ரோட்டன்' முதலில் வேரோடு பிடுங்குவதைத்தான் குறித்தது. பின்னர் மனிதக் கூட்டங்களை அடியோடு அழிப்பதற்கான சொல்லாயிற்று. அடிக்கட்டைமேல் பிறந்த சொல் மனிதர்மேல் பாய்வதற்கு மொழி ஒரு தடையும் போடவில்லை.

ஓடையோரம் முதலில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரப்பலகை வேலி எழுந்தது. 1966-இல் 700 மீட்டர் நீளத்தில், 3.3 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் சுவர் வந்தது. கிழக்குப் பக்கத்தார் அனுமதிச்சீட்டோடு சொந்த ஊரில் வாழ்ந்தார்கள். சுவருக்கு அப்பாலுள்ள உறவினரைப் பார்த்துக் கையசைப்பதும் தடைசெய்யப்பட்டிருந்தது. அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குச் 'சின்ன பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள். 1983 பிப்ரவரியில் மேற்குப் பக்கம் வந்த அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், பெர்லினில் கென்னடி சொன்னதன் வழியில் தன்னையும் ஒரு மோட்லாரொய்ட்காரர் என்று சொல்லிக்கொண்டார். இரண்டு அரசுகளும் ஊரின் சொந்தப் பெயரை மட்டும் தொடவில்லை. ஓடைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அது மோட்லாரொய்ட்டாகவே இருந்தது. பெயர் வெட்டுப்படாமல் நின்றது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எழுத்திலும் அது பிடிவாதமான பெயர். ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தம் 1901-இல் சொந்தச் சொற்களில் 'டி' எழுத்தை ஒட்டி நின்ற, ஒலிக்காத 'எச்' எழுத்தை நீக்கியது. ஊர்ப்பெயர்கள் அதற்கு விலக்கு. அதனால் ரொய்ட் இன்றும் அந்த ஊமை எழுத்தோடுதான் எழுதப்படுகிறது.

1989 டிசம்பர் 9 அன்று சுவரில் நடந்து கடக்க ஒரு வழி திறந்தது. 1990 ஜூன் 17 அன்று இயந்திரம் வந்து சுவரை இடித்தது. ஒரு பகுதியை அருங்காட்சியகத்துக்காக நிற்கவிட்டார்கள். இன்றும் ஊருக்கு இரண்டு மேயர்கள். அஞ்சல் எண்ணும் இரண்டு: டோப்பனோடு சேர்ந்த பக்கத்துக்கு 95183, கெஃபெல்லோடு சேர்ந்த பக்கத்துக்கு 07926. இவ்வூரின் கதையைத் தழுவி 2015-இல் வந்த ஜெர்மன் தொலைக்காட்சித் தொடர், கற்பனை ஊருக்கு ஓடையின் பெயரையே வைத்து 'டான்பாக்' ஆனது.

வழி திறந்த அதே டிசம்பர் 9 அன்று, பக்கத்து ஹோஃப் நகரில் இரு ஜெர்மனிகளின் இயற்கை ஆர்வலர்களும் கூடினார்கள். எல்லைப் பட்டையைப் 'பச்சைப் பட்டை' என்ற பெயரில் காக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே பிறந்தது. 1393 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதர் நுழையாமல் கிடந்த அந்த நிலத்தில், வேறிடங்களில் அருகிப்போன பழுப்புக்கழுத்துப் புல்வெளிக் குருவி போன்ற பறவைகள் தங்கியிருந்தன. துரிங்கியா தன் பகுதியை 2018-இல் தேசிய இயற்கைச் சின்னமாகச் சட்டமாக்கியது. அந்தக் குருவிக்குத் திறந்த வெளி வேண்டும். சும்மா விட்டால் சில ஆண்டுகளிலேயே புதரும் பிர்ச் கன்றுகளும் மூடிவிடும். ஆகவே பட்டையின் பல இடங்களில் ஆடுகளை மேயவிடுகிறார்கள், புதரை வெட்டுகிறார்கள், கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள். அலுவலக மொழியில் அந்த வேலைக்கு 'என்ட்பூஷுங்', புதர் நீக்கம், என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்த குடியானவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் ரியூட்டன் என்றே சொல்லியிருப்பார்.