ஓடும் குரலைத் தேடிய கருவி

வானொலி என்றதும், ஒரு நிலையத்துக்கு ஓர் அலைவரிசை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். முள்ளை உரிய இடத்தில் நிறுத்தினால் உரிய குரல் வரும். அமெரிக்கக் காவல் துறையின் வானொலியும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. 1928-ஆம் ஆண்டு டெட்ராயிட் நகரக் காவலர் தம் ரோந்து வண்டிகளுக்கு வானொலி வழியே கட்டளை அனுப்பத் தொடங்கினர். வண்டியிலிருந்து மறுமொழி கூறும் வசதி, 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் ஏற்பட்டது. பிற்காலத்தில், பல அலைவரிசைகளை மாறி மாறித் துழாவும் 'ஸ்கேனர்' என்னும் கருவி தோன்றியது. செய்தியாளர்கள் அதன் துணைகொண்டு தீவிபத்து, கலவரம் முதலியவற்றை உடனுக்குடன் அறிந்தனர்.

நகரங்கள் வளரவே அலைவரிசைகள் போதாமற்போயின. துறைக்கு ஒன்றாக ஒதுக்கினால், ஒன்று வீணே கிடக்க, மற்றொன்றில் நெரிசல் மிகுந்தது. இதற்கான வழி தொலைபேசித் துறையில் முன்னரே இருந்தது. இத்தனை அழைப்புகளுக்கு இத்தனை கம்பிகள் பொதுவில் போதும் என்று, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த ஏர்லாங் என்னும் கணித அறிஞர் 1917-இல் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அக்கருத்தே 'ட்ரங்கிங்' என்னும் பெயரில் வானொலிக்கும் வந்தது.

இம்முறையை விளக்க ஒரு ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்வோம். எந்த வண்டிக்கும் நிரந்தர நடைமேடை இல்லை. காலியான மேடை எதுவோ, அதற்கு வண்டி அனுப்பப்படுகிறது. ஒரே மேடையில் காத்து நிற்பவர் தம் வண்டியைத் தவறவிடுவார். அறிவிப்பைக் கேட்பவரே அதனை அடைவார். அவ்வாறே, காவலர் பொத்தானை அழுத்தியதும், கணிப்பொறி காலியான அலைவரிசை ஒன்றை அவருடைய குழுவுக்கு அளிக்கிறது. மறுமொழி வேறோர் அலைவரிசையில் வரலாம். பழைய ஸ்கேனரோ, ஒரு கணம் காவலரையும் மறுகணம் குப்பை வண்டிக்காரரையும் கேட்டுத் திகைத்தது.

1997-இல் யூனிடன் நிறுவனம் இதற்கு விடை கண்டது. அதன் புதிய கருவி, பேச்சைத் தேடுமுன் அறிவிப்பைக் கேட்டது. அறிவிப்பு வரும் இடத்துக்குக் கட்டுப்பாட்டு அலைவரிசை என்று பெயர். அமைப்பின் வகை, அதன் அலைவரிசைகள், வேண்டிய குழுவின் எண் ஆகிய மூன்றையும் பதித்துவிட்டால், அக்குழு தாவுமிடமெல்லாம் கருவியும் தாவிச் செல்லும்.

தாவும் குரலைப் பிடித்த கருவியால், மறைகுறியாக்கப்பட்ட குரலை அறிய இயலாது. டென்வர் நகரக் காவல் துறை 2019-இல் தன் பேச்சைப் பிறர் கேளாவண்ணம் மறைத்தது. நியூயார்க் 2023-இல் அவ்வழியே செல்லத் தொடங்கியது. குற்றவாளிகள் ஒட்டுக் கேட்கின்றனர், துன்புற்றோரின் விவரங்கள் வெளியாகின்றன என்பன காவல் துறையினர் கூறும் காரணங்கள். அவை புறக்கணிக்கத் தக்கன அல்ல. ஆயினும், காவலரின் செயலை அவர்கள் வாய்மொழியாகவே, அது நிகழும் பொழுதிலேயே அறிந்துவந்த மக்கள், இனி அவர்கள் பின்னர் வெளியிடும் அறிக்கையை நம்பியே இருக்க வேண்டும். நெரிசலைத் தீர்க்கப் பிறந்த ட்ரங்கிங் முறை இவ்விழப்பை உண்டாக்கவில்லை. கதவை எவ்வளவு திறந்து வைப்பது என்பதைப் பொறியியல் முடிவு செய்வதில்லை. அது ஆட்சியாளரும் குடிமக்களும் கூடி முடிவு செய்ய வேண்டியது.